லெவல் ஏற்றாமல் ஃபைனல் ஃபேன்டசி ஆடுவது எப்படி

ஃபைனல் ஃபேன்டசி என்ற வீடியோ கேம் வரிசையைப் பாதியில் மூடிவைத்தவர்களிடம் காரணம் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: லெவல் ஏற்றி ஏற்றி அலுத்துவிட்டது. 4-ஆம் பாகத்திலிருந்து 10-ஆம் பாகம்வரை இப்படி ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றிச் சண்டை போடவேண்டிய அவசியமே இல்லை. ஆட்களை வலுவாக்க ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு முறை இருக்கிறது. 5-இல் ஜாப், 7-இல் மெட்டீரியா, 8-இல் ஜங்ஷன், 10-இல் ஸ்ஃபியர் கிரிட் என்ற திறமைப் பலகை. அது பிடிபடாதவர்கள்தான் மணிக்கணக்கில் லெவல் ஏற்றுகிறார்கள். பிடிபட்டவர்கள் பாதி லெவலில் அதே பாஸை, அதாவது வழியை மறிக்கும் பெரிய எதிரியை, வீழ்த்திவிட்டுப் போகிறார்கள்.

எதில் தொடங்குவது

1-இல் தொடங்கி வரிசையாக வரவேண்டியதில்லை. ஒவ்வொரு பாகமும் தனி உலகம், தனிக் கதை. 1987-இல் வந்த முதல் பாகத்தை ஆடாமல் 10-ஐ ஆடினால் எதுவும் புரியாமல் போகாது.

கதைதான் வேண்டும், மெனுவில் உட்கார்ந்து யோசிக்கப் பிடிக்காது என்பவர்களுக்கு 4. யார் எப்போது அணியில் இருப்பார்கள், என்ன மந்திரம் கற்பார்கள் என்பதை ஆட்டமே முடிவு செய்துவிடும். கழற்றி மாட்டிப் பார்ப்பதில் ருசி உள்ளவர்களுக்கு 5. இரண்டும் வேண்டும் என்றால் 6. நேரம் ஓடும் சண்டை பதற்றம் தருகிறது என்பவர்கள் 10-க்குப் போகலாம். அதில் உங்கள் முறை வந்தால் நீங்கள் பட்டனை அழுத்தும்வரை எதிரி அசையமாட்டான். 2-ஐயும் 8-ஐயும் முதல் ஆட்டமாக எடுக்காதீர்கள். இரண்டும் நல்ல ஆட்டங்கள்தான். ஆனால் மற்ற பாகங்களில் பழகிய வழக்கத்தைத் தலைகீழாக்குபவை, அந்த வழக்கம் தெரிந்த பிறகுதான் அவற்றின் அருமை தெரியும்.

7-ஐ ஆட நினைப்பவர்கள் 1997-இன் மூல ஆட்டத்தையே முதலில் ஆடுங்கள். 2020-இல் வந்த ரீமேக் மிட்கார் நகரத்தோடு நின்றுவிடுகிறது. மூலத்தில் அந்த நகரம் வெறும் தொடக்கம்.

பழைய கேசட் வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் 4-ஆம் பாகம் 2 என்ற எண்ணோடும், 6-ஆம் பாகம் 3 என்ற எண்ணோடும் வெளிவந்தன. சூப்பர் நிண்டெண்டோ கேசட்டின் மேல் ஆங்கிலத்தில் 3 என்று இருந்தால் உள்ளே இருப்பது 6. ஜப்பானியக் கேசட்டில் எண் சரியாகவே இருக்கும், ஆனால் ஆட்டம் முழுக்க ஜப்பானிய எழுத்து.

எந்தக் கருவியில் ஆடுவது

1 முதல் 6 வரை ஆட பிக்சல் ரீமாஸ்டர் என்ற புதுப்பித்த பதிப்பு போதும். கணினிக்கும் கைப்பேசிக்கும் 2021, 2022-இல் வந்தது, சுவிட்சுக்கும் பிளேஸ்டேஷன் 4-க்கும் 2023-இல். நினைத்த இடத்தில் குயிக் சேவ் செய்யலாம். கேஎல் சென்ட்ரலில் எல்ஆர்டி ஏறி அம்பாங் பார்க்கில் இறங்குவதற்குள் இரண்டு மூன்று சண்டையை முடித்து மூடிவிட முடிகிற ஆட்டம் அது. கன்சோல் பதிப்பில் அனுபவப் புள்ளியைக் கூட்டவும் குறைக்கவும், வழியில் எதிரி வருவதை நிறுத்தவும் வசதி உண்டு. எதிரியை முழுக்க நிறுத்திவிட்டு ஓடாதீர்கள். புள்ளியைக் கூட்டிவைத்தால் முறையைக் கற்காமலேயே ஆட்டம் முடிந்துவிடும். வந்த வழியே திரும்பி நடக்கும்போது மட்டும் எதிரியை நிறுத்துவது நல்லது.

தமிழ்ப்பள்ளியில் படிக்கும் தம்பி தங்கைகள் ஆடுவதாக இருந்தால் 4-ஐப் போட்டு, அமைப்புகளில் சண்டை முறையை ஆக்டிவிலிருந்து வெயிட்டுக்கு மாற்றி, எழுத்து ஓடும் வேகத்தையும் குறைத்துக் கொடுங்கள். வெயிட்டில் மந்திரப் பட்டியல் திறந்திருக்கும் நேரம் எதிரியின் கடிகாரம் நின்றுவிடும். ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டிப் படித்து முடிக்க அந்த நேரம் போதும்.

பழைய கன்சோலிலேயே ஆடவேண்டும் என்பவர்களுக்கு முதல் எச்சரிக்கை மின்சாரம். லோ யாட் கணினிக் கடைகளிலோ பாசார் மாலாம் இரவுச் சந்தையிலோ கைமாறி வரும் பிளேஸ்டேஷன் 1, 2 பெட்டிகளில் ஜப்பானிலிருந்து வந்தவையும் கலந்திருக்கும். பெட்டியைக் கவிழ்த்து லேபிளைப் படியுங்கள். 100 வோல்ட் என்று மட்டும் போட்டிருந்தால் நம் வீட்டு 240 வோல்ட் பிளக்கில் நேராகச் செருகக் கூடாது. செருகிய நொடியில் உள்ளே இருக்கும் பவர் சப்ளை கருகிவிடும். மூன்று முனை அடாப்டர் பிளக்கின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்டேஜைக் குறைக்காது. வெளியீடு 100 வோல்ட் உள்ள ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். பிளேஸ்டேஷன் 2-க்கு 100 வாட்டுக்குக் குறையாததாகப் பார்த்து வாங்குங்கள்.

படம் கறுப்பு வெள்ளையாகத் தெரிந்தாலோ மேலும் கீழும் உருண்டாலோ கன்சோல் கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள். பெட்டி அனுப்புவது ஜப்பானின் என்டிஎஸ்சி (NTSC) பட முறை, பழைய குழாய் டிவி நம் ஊர் பால் (PAL) முறையை மட்டும் வாங்குவது. இரண்டையும் வாங்கும் டிவியில் மாட்டினால் நிறம் வந்துவிடும். டிஸ்கில் என்டிஎஸ்சி பதிப்பையே தேடுங்கள். ஐரோப்பியப் பால் பதிப்பில் 10-ஆம் பாகம் மேலும் கீழும் கறுப்புப் பட்டையோடு நசுங்கித் தெரியும்.

மெமரி கார்டிலும் ஒரு பொறி உண்டு. பிளேஸ்டேஷன் 2-இல் 7-ஆம் பாகத்தைப் போட்டு ஆடலாம், ஆனால் சேவ் செய்ய பிளேஸ்டேஷன் 1 கார்டுதான் வேண்டும். 2-இன் கார்டை அந்த ஆட்டம் கண்டுகொள்ளாது. பழைய கார்டு ஒன்றில் 15 பிளாக், 7-இலும் 8-இலும் ஒரு சேவுக்கு ஒரு பிளாக். எனவே ஒரே சேவின் மேல் திரும்பத் திரும்ப எழுதாதீர்கள், குறைந்தது மூன்றை மாற்றி மாற்றி வையுங்கள். கோலாலம்பூரில் சாயங்கால மழையோடு இடியும் வரும். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் அந்த பிளாக் போய்விடும், மற்ற இரண்டும் தப்பிக்கும். வானம் இருட்டினால் சேவ் செய்துவிட்டுப் பிளக்கையே உருவிவிடுங்கள். சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது.

4, 5, 6: பிக்சல் காலத்து மூன்று

4-இல் முதல் பாஸ் மூடுபனி டிராகன். அது பனியாகக் கரைந்திருக்கும்போது அடித்தால் மொத்த அணிக்கும் திருப்பி அடி விழும். அந்த நேரத்தில் தற்காத்துக்கொண்டோ மருந்து போட்டுக்கொண்டோ இருந்து, உருவம் திரும்பியதும் அடிக்க வேண்டும். இந்த ஒரு சண்டையைப் பொறுமையாக ஆடினால் 4-ஆம் பாகம் முழுவதும் எப்படிப் பேசும் என்று தெரிந்துவிடும். எதிரி எப்போது அடிக்கலாம், எப்போது கூடாது என்று காட்டுவான், அதைக் கவனிப்பதுதான் வேலை.

5-இல் காற்றுக் கிரிஸ்டல் கொடுக்கும் ஆறு ஜாபில் நான்கை நால்வருக்கும் பிரித்துக் கொடுப்பார்கள், கடைசிவரை அப்படியே ஓட்டுவார்கள். அதுதான் பெரிய தவறு. ஜாப் என்பது சட்டை. ஒரு ஜாபில் கற்ற திறமையை இன்னொரு ஜாபுக்குக் கொண்டுபோகலாம். முதல் வேலையாக ஒருவரை புளூ மேஜாக்கி லேர்னிங் திறமையைக் கற்கவையுங்கள். அதன் பிறகு எந்தச் சட்டை போட்டிருந்தாலும் அதை மாட்டிவிட்டால் எதிரி அவர்மேல் போடும் நீல மந்திரத்தைக் கற்றுக்கொள்வார். ஒயிட் விண்ட் கிடைத்ததா என்று அடிக்கடி பாருங்கள். போடுபவரின் அப்போதைய எச்பி (உயிர்ப் புள்ளி) எவ்வளவோ அவ்வளவு மொத்த அணிக்கும் ஏறும். எச்பி அதிகமுள்ள ஆளிடம் இருந்தால் வெள்ளை மந்திரவாதி இல்லாமலேயே ஓட்டலாம்.

ஒரு ஜாபை முழுக்கக் கற்று முடித்தால் அதன் பலம் எந்த ஜாபும் மாட்டாத ஃப்ரீலான்சருக்குச் சேர்கிறது. ஆகவே கடைசிச் சண்டைக்கு எல்லோரும் ஃப்ரீலான்சராகத் திரும்புவது நல்லது. ஜாப் புள்ளி வேண்டுமென்றால் இரண்டாம் உலகத்தில் பால் கோட்டையின் அடித்தளத்தில் வரும் கற்சிலைகளின்மேல் கோல்ட் நீடிலைப் போடுங்கள். கல்லாய்ச் சமைந்தவரை மீட்கும் மருந்து அது, கற்சிலைக்கு ஒரே ஊசியில் முடிவு.

6-இல் எஸ்பர் என்ற மந்திர உயிர்கள் கிடைப்பது ஸோஸோ என்ற ஊருக்குப் பிறகு. எஸ்பரை மாட்டியிருக்கும்போது லெவல் ஏறினால்தான் கூடுதல் பலம் சேரும். அதற்கு முன்பே லெவல் ஏற்றிவைத்தவர்கள் அந்தக் கூடுதலை இழந்துவிட்டார்கள், திரும்பக் கிடைக்காது. ஸோஸோவரை வழியில் வருவதை மட்டும் அடித்துக்கொண்டு போங்கள். இன்னொரு இடம் மிதக்கும் கண்டம். தப்பிக்கும்போது ஆறு நிமிடக் கடிகாரம் ஓடும். கப்பல் நிற்கும் விளிம்பில் குதிக்கலாமா என்று கேட்டால் காத்திருக்கிறேன் என்பதையே தேர்ந்தெடுங்கள். கடைசி ஐந்து நொடியில் உங்கள் அணியாள் ஷேடோ ஓடிவருவார், அப்போது குதியுங்கள். முன்பே குதித்துவிட்டால் அவர் திரும்பி வரவே மாட்டார். இந்த வரிசை முழுவதிலும் ஆட்டக்காரரின் பொறுமைக்கு இவ்வளவு நேர்மையாகக் கூலி கொடுத்த இடம் வேறு இல்லை.

7: பெட்டகத்தின் நான்கு எண்

மெட்டீரியா என்ற மந்திர உருண்டையை ஆயுதத்தில் சும்மா செருகிவைப்பதில் பலன் பாதிதான். பாலம் போட்டு இணைந்திருக்கும் இரண்டு துளையில் எதை எதோடு சேர்க்கிறோம் என்பதுதான் கணக்கு. குணப்படுத்தும் ரிஸ்டோரை ஆல் மெட்டீரியாவோடு சேர்த்தால் ஒரு மந்திரம் மூவருக்கும் போகும். எலிமென்டலை ஃபயரோடு சேர்த்து ஆயுதத்தில் போட்டால் வெட்டில் நெருப்பு ஏறும். அதே ஜோடியைக் கவசத்தில் போட்டால் எதிரியின் நெருப்பு குறையும். எதிரியின் திறமையைக் கற்கும் எனிமி ஸ்கில் மெட்டீரியாவை ஒருவரிடம் எப்போதும் வையுங்கள். கடற்கரைகளில் வரும் பீச்பிளக் என்ற எதிரியை மேனிபுலேட் மெட்டீரியாவால் வசப்படுத்தி உங்கள்மேலேயே பிக் கார்டைப் போடச் சொன்னால் அது நிரந்தரமாக உங்களுக்குச் சொந்தம். பாதுகாப்பும் வேகமும் ஒரே மந்திரத்தில் வந்துவிடும், பல பாஸ் சண்டைகள் அதோடு பாதி முடிந்ததுபோல்தான்.

பணத்துக்கும் சண்டை வேண்டாம். ஆல் மெட்டீரியாவை மாஸ்டர்வரை வளர்த்தால் 14,00,000 கில்லுக்கு (ஆட்டத்தின் பணம்) விற்கலாம். மாஸ்டர் ஆன உடனே அதிலிருந்து புதிதாக ஒன்று பிறக்கும், அதை மாட்டி மறுபடி வளர்த்துக்கொள்ளலாம்.

வின்சென்ட் என்ற ஆளை அணியில் சேர்க்க நிபெல்ஹெய்ம் ஷின்ரா மாளிகையின் மாடியில் உள்ள பெட்டகத்தைத் திறக்க வேண்டும். உலக வரைபடத்துக்குப் போய் சேவ் செய்துவிட்டு வாருங்கள், ஏனென்றால் கதவு திறந்ததும் உள்ளிருந்து லாஸ்ட் நம்பர் என்ற பாஸ் பாயும். எண்: வலது 36, இடது 10, வலது 59, வலது 97. நேரம் 20 நொடி. தவறு நடக்கும் இடம் ஒன்றுதான். எண்ணைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்தால் ஏற்காது. சரியான எண்ணுக்கு மூன்று நான்கு எண் முன்பே விரலை எடுத்து, பிறகு ஒவ்வொன்றாகத் தட்டி நிறுத்தி, உறுதிப் பட்டனை அழுத்துங்கள். கடைசி இரண்டும் வலது பக்கமே என்பதை மறந்து மூன்றாவதற்குப் பிறகு இடது திருப்புபவர்கள் நிறைய. பாஸைப் பொறுத்தவரை, கடைசியாக வாளால் அடித்தீர்களா மந்திரத்தால் அடித்தீர்களா என்பதைப் பொறுத்து அது பிளந்து வேறு உருவம் எடுக்கும். ஆகவே ஒரே வகை அடியைத் தொடர்ந்து பயன்படுத்துங்கள். விழுந்த பிறகு ஓடின் மெட்டீரியாவும் அடித்தளச் சாவியும் கிடைக்கும்.

அணியில் சேரக்கூடிய யூஃபி என்ற பெண்ணைக் காட்டில் வீழ்த்திய பிறகு வரும் வெட்டவெளியில் ஒரு சேவ் பாயின்ட் தெரியும், தொடாதீர்கள். தொட்டால் பணத்தை எடுத்துக்கொண்டு ஓடிவிடுவாள். நேராக அவளிடம் போய்ப் பேசுங்கள்.

8: லெவல் ஏற்றினால் தோற்கும் ஆட்டம்

8-ஐக் குறை சொல்பவர்கள் அதிகம். அவர்களில் பெரும்பாலோர் 7-ஐ ஆடிய கையோடு அதை ஆடியவர்கள். இங்கே எதிரியின் லெவல் உங்கள் அணியின் லெவலோடு சேர்ந்து ஏறுகிறது. பத்து மணி நேரம் சண்டை போட்டு 40-ஆம் லெவலுக்குப் போனால் எதிரியும் அங்கே காத்திருப்பான், உங்களைவிட வேகமாக வலுத்து. பலம் வருவது லெவலிலிருந்து இல்லை. ஜங்ஷன் செய்த, அதாவது உடலோடு இணைத்த, மந்திரத்திலிருந்து. ஒவ்வொரு மந்திரத்தையும் 100வரை சேமிக்கலாம். அந்த 100 உங்கள் எச்பியாகவும் பலமாகவும் மாறுகிறது.

தொடக்கத்தில் செய்யவேண்டியது இது. படிப்பு மேசையில் கெஸாகோட்டல், ஷிவா என்ற இரண்டு துணைச் சக்திகளையும் வாங்கியதும் கெஸாகோட்டலுக்கு முதலில் கார்ட், அடுத்து கார்ட் மோட் கற்கவையுங்கள். ஷிவாவுக்கு ஸ்ட்ரெங்த் ஜங்ஷனும் பனி மந்திரம் காய்ச்சும் ஐஸ் மேஜிக் ரிஃபைனும். பாலம்ப் கடற்கரையில் மீன் போல மணலில் துள்ளும் ஃபாஸ்டிடோகலான் எஃப் வரும். அதன் எச்பியைக் குறைத்துவிட்டு கார்ட் கட்டளையால் அட்டையாக மாற்றுங்கள். கொன்றால் அனுபவப் புள்ளி வரும், அட்டையாக்கினால் ஏபி (திறமை கற்கும் புள்ளி) மட்டும் வரும், லெவல் ஏறாது. ஓர் அட்டையை மோட் செய்தால் 5 மீன் துடுப்பு, ஒரு துடுப்பை ஷிவா காய்ச்சினால் 20 வாட்டர் மந்திரம். ஆக ஓர் அட்டைக்கு 100 வாட்டர். அதைப் பலத்தோடு இணைத்துவிட்டால் முதல் தேர்வுக்குப் போவதற்கு முன்பே கதாநாயகன் ஸ்க்வாலின் வாள் வேறு மாதிரி விழும்.

அடுத்தது கூடாரம். கடையில் டென்ட் 1,000 கில். சைரன் என்ற துணைச் சக்தியின் லைஃப் மேஜிக் ரிஃபைனில் ஒரு டென்ட்டுக்கு 10 குராகா என்ற குணப்படுத்தும் மந்திரம். 10 டென்ட் வாங்கினால் 100 குராகா, அதை எச்பியோடு இணைத்தால் ஓர் ஆளுக்கு 2,200 எச்பி கூடுதல். சைரனை டோலட் கோபுரத்து உச்சியில் எல்வொரெட் என்ற பாஸிடமிருந்து டிரா கட்டளையால் உருவி எடுக்க வேண்டும். புதிய பாஸ் எதுவாக இருந்தாலும் முதல் முறையில் டிரா பட்டியலைத் திறந்து பார்க்கும் பழக்கம் வையுங்கள். தவறவிட்டவர்களுக்குக் கடைசிக் கோட்டையில் டிரைபாயின்ட் என்ற பாஸிடம் இன்னொரு வாய்ப்பு உண்டு. ஆனால் அதுவரை குராகா இல்லாமல் போவது வருத்தம்.

இங்கே எல்லோரும் செய்யும் பிழை, ஜங்ஷன் செய்த மந்திரத்தையே சண்டையில் போடுவது. ஒரு குராகாவைப் போட்டால் 99 ஆகும், எச்பியும் இறங்கும். சண்டையில் மந்திரம் வேண்டுமென்றால் எதிரியிடமிருந்து டிரா செய்து அங்கேயே போடுங்கள். பணம் வரவில்லை என்றால் மெனுவில் சீட் (SeeD) எழுத்துத் தேர்வை எழுதுங்கள், சம்பளம் ஏறும். 30 தாள், பத்துக் கேள்வியும் சரியாக வேண்டும். ஸ்க்வாலின் லெவலைத் தாண்டிய தாள் திறக்காது என்பதால் லெவல் ஏற உங்களுக்குக் கிடைக்கும் ஒரே நியாயமான காரணம் இதுதான்.

9-க்கு ஒரு வரி போதும்: திறமை ஆயுதத்திலும் கவசத்திலும் இருக்கிறது, ஏபி நிறையும்வரை போட்டிருந்தால்தான் உங்களுடையது. அதற்கு முன் விற்காதீர்கள்.

10: திரும்பிப் போக முடியாத கோயில்

எச்டி ரீமாஸ்டர் இன்டர்நேஷனல் பதிப்பை அடிப்படையாகக் கொண்டது. அதில் விமானக் கப்பல் கிடைத்த பிறகு பெசேட் ஊர் வாசலில் டார்க் வேல்ஃபோர் என்ற கொடிய எதிரி நிற்கும். அந்த நேரத்தில் அதை வெல்வது மிகக் கடினம். எனவே ஒவ்வொரு கோயிலிலும் டிஸ்ட்ரக்ஷன் ஸ்ஃபியர் என்ற உருண்டை திறந்துவிடும் புதையலை முதல் முறை போகும்போதே எடுத்துவிடுங்கள், ஸனார்கண்டில் மட்டும் அது திரும்பிப் போகும்போதுதான் கிடைக்கும். ஆறு கோயிலும் முடிந்தால்தான் பாஜ் கோயிலில் அனிமா என்ற துணை உயிர் கிடைக்கும். பெசேட் ஆட்டத்தின் தொடக்கத்திலேயே வந்துவிடுவதால் அவசரத்தில் விட்டவர்கள் நிறையப் பேர்.

காகஸெட் மலையில் வரும் பாஸ் சீமோர் ஃப்ளக்ஸ். கன்சோல் பதிப்பில் காட்சியைத் தாண்ட முடியாது, தோற்றால் நீண்ட பேச்சை மறுபடி கேட்க வேண்டும். அவன் ஈட்டியால் ஒருவரை ஜாம்பியாக்குவான், அடுத்த முறையில் அவன் துணை அந்த ஆளுக்கு ஃபுல் லைஃப் போடும். உயிர் கொடுக்கும் மந்திரம் ஜாம்பிக்கு விஷம், ஆள் உடனே சாவார். ஜாம்பி ஆனதுமே ஹோலி வாட்டரை ஊற்றுங்கள். மலை ஏறுவதற்கு முன் பத்துப் புட்டியாவது கையில் இருக்கட்டும்.

டாக்டிக்ஸ் ஆடுபவர்களுக்கு ஒன்று

1997-இல் வந்த ஃபைனல் ஃபேன்டசி டாக்டிக்ஸின் மூன்றாம் அத்தியாயத்தில் ரியோவேன்ஸ் கோட்டை வருகிறது. வாசலில் ஒரு சண்டை, பிறகு கதாநாயகன் ராம்சா தனியாக வீக்ராஃப் என்ற எதிரியோடு, அதை முடித்ததும் அதே இடத்தில் வேறு உருவத்தில் இன்னொன்று. நடுவில் சேவ் செய்யவா என்று கேட்கும். ஒரே சேவ் வைத்திருப்பவர் ஆமாம் என்றால் மாட்டிக்கொண்டார், வெளியே போய்ப் பயிற்சி செய்ய வழியில்லை, ராம்சா பலவீனமாக இருந்தால் முப்பது மணி நேர ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும். கோட்டைக்குள் நுழைவதற்கு முன் உலக வரைபடத்தில் தனி இடத்தில் ஒரு சேவ் போடுங்கள், உள்ளே கேட்கும்போது இன்னொரு இடத்தில் சேவ் செய்யுங்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. ராம்சாவுக்கு கெமிஸ்ட்டின் ஆட்டோ போஷன் திறமை தெரிந்திருந்தால் அதை மாட்டுங்கள், பையில் சாதாரண போஷனும் ஹை போஷனும் இல்லாமல் எக்ஸ் போஷன் மட்டும் இருந்தால் இன்னும் நல்லது. அந்தத் திறமை மலிவான மருந்தைத்தான் முதலில் எடுக்கும், மலிவானது இல்லையென்றால் அடி வாங்கும்போது பெரும்பாலும் எக்ஸ் போஷன் இறங்கும். பிறகு ராம்சாவின் ஸ்குவைர் (Squire) திறமையில் உள்ள யெல் கட்டளையைத் தன்மேலேயே போட்டு, ஒவ்வொரு தடவைக்கும் ஒரு வேகப் புள்ளியாக ஏற்றிக்கொண்டே ஓடுங்கள். வீக்ராஃபுக்கு ஒரு முறை வருவதற்குள் ராம்சாவுக்கு மூன்று முறை வரும்வரை திருப்பி அடிக்கவே வேண்டாம்.